கீழ்ப்படிதல் மட்டுமா குடிமைப் பண்பு?

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரின் வீட்டுக்குள் இரவில் புகுந்து, அவரையும் அவருடைய தங்கையையும் அரிவாளால் வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். பள்ளியில் தனக்கு நேர்ந்த துன்புறுத்தலை அந்த மாணவர் ஆசிரியர்களிடம் சொன்னதே தாக்குதலுக்குக் காரணமானது. வெட்டியவர்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளைகள் இல்லை. சின்ன வகுப்பிலிருந்தே காலை வழிபாட்டில் கை நீட்டி உறுதிமொழி எடுத்தவர்கள். தீண்டாமை பெருங்குற்றம் என்று அச்சிட்ட பாடநூல்களை ஆண்டுக்கணக்கில் சுமந்தவர்கள். அடிப்படைக் கடமைகளை வரிசையாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள்.

நாம் கற்றுக்கொடுப்பதாக நினைப்பது ஒன்று. பிள்ளைகள் கற்றுக்கொள்வது இன்னொன்று. நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் நல்ல பிள்ளை என்றால் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. வரிசையில் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வரக் கூடாது. அந்த நல்ல பிள்ளைதான் வளர்ந்து நல்ல குடிமகனாகும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால், சொன்னதைச் செய்யப் பழகிய பிள்ளை, சொல்பவர் மாறினாலும் செய்யும். வகுப்பில் ஆசிரியர் சொன்னதைக் கேட்டவன், தெருமுனையில் சாதிச் சங்கத்து அண்ணன் சொல்வதையும் கேட்பான். ஏன் என்று கேட்கும் பழக்கத்தை இரண்டு இடத்திலும் யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

பிள்ளைகளின் கையில் வயதுக்கேற்ற பொறுப்பையும் வயதுக்கேற்ற முடிவெடுக்கும் உரிமையையும் கொடுத்தால்தான் குடிமைப் பண்பு வளரும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதை அங்கன்வாடியிலேயே தொடங்கிவிடலாம். 18 வயதில் வாக்காளர் அட்டையோடு சேர்த்து வழங்கிவிட முடியாது.

இது நம் அரசமைப்புச் சட்டத்துக்குப் புறம்பான யோசனையும் இல்லை. 1976-இல் 42-வது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சொல்கிறது. தேசியக் கொடியை மதிப்பது அதில் உண்டு. பொதுச் சொத்தைக் காப்பதும் உண்டு. பள்ளிகளில் இவை இரண்டும் ஓயாமல் சொல்லப்படுகின்றன. அதே பட்டியலில் அறிவியல் மனப்பான்மையும், கேட்டு ஆராய்ந்து அறியும் உணர்வும், சீர்திருத்த நாட்டமும் கடமைகளாகவே இருக்கின்றன. கேள்வி கேட்பதைச் சட்டமே கடமை என்று சொல்லியிருக்க, நாம் அதை வாய்த்துடுக்கு என்கிறோம். 1948 நவம்பரில் வரைவு அரசமைப்பை அவையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், அரசமைப்பு சார்ந்த ஒழுக்கம் மனிதருக்குப் பிறவியிலேயே வந்துவிடும் உணர்வு இல்லை, அதை வளர்த்தெடுக்க வேண்டும், நம் மக்கள் இனிமேல்தான் அதைக் கற்க வேண்டும் என்று எச்சரித்தார். எங்கே கற்பது? தொடக்கப் பள்ளியை விட்டால் வேறு நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாடு, சட்டம், அரசு எதுவும் புரியாது. புரிய வைக்க முயல்வதும் வீண். அந்த வயதில் ஊஞ்சல் தெரியும், தட்டு தெரியும், தன் முறை வரும்வரை காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். தன் முறைக்குக் காத்திருந்து, அது வந்தபோது ஏமாற்றப்படாமல் அதைப் பெற்ற குழந்தை ஒரு பெரிய விஷயத்தைத் தெரிந்துகொள்கிறது: விதியை நம்பலாம். காத்திருக்கச் சொல்லிவிட்டு, அதிகாரியின் பிள்ளையை முன்னால் நிறுத்தும் இடத்தில் அது வேறொன்றைத் தெரிந்துகொள்கிறது. நாற்பது வயதில் ரேஷன் கடையில் வரிசையை உடைப்பவருக்கு அந்தப் பாடம் எங்கோ சின்ன வயதில்தான் கிடைத்திருக்கும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று, பல தலைமுறைப் பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறோம். பசியைத் தீர்க்கக் கொண்டுவந்த திட்டங்கள்தாம் அவை. ஆனாலும், யார் சமைத்தது என்று கேட்காமல் பக்கத்திலிருப்பவரோடு சாப்பிடுவதைவிடப் பெரிய குடிமைப் பாடத்தை ஐந்து வயதுக் குழந்தைக்கு யாரும் வகுத்துவிட முடியாது. அந்தப் பாடத்தைக் கெடுப்பதும் பெரியவர்கள்தான். 2023-இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் தங்கள் பிள்ளைகள் காலை உணவு சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் போய் அந்தப் பெண் சமைத்த உணவைச் சாப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு முந்தைய நாள் வரை அந்தச் சமையல்கார அம்மாவிடம் ஒரு குறையும் தெரிந்திருக்காது. குறையைச் சொல்லிக்கொடுத்தது வீடு.

ஏழு வயதுக்குப் பிறகு பிள்ளைகளின் உலகத்தில் விதிகள் குடியேறுகின்றன. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932-இல் வெளியிட்ட ஆய்வுக்காகச் சிறுவர்கள் கோலி விளையாடுவதைத்தான் உட்கார்ந்து பார்த்தார். இந்த ஆட்டத்தின் விதிகளை யார் போட்டது, அவற்றை மாற்றலாமா என்று அவர்களிடமே கேட்டார். சின்னப் பிள்ளைகள் அப்பா போட்டார், கடவுள் போட்டார், ஊர்ப் பெரியவர்கள் போட்டார்கள் என்றார்கள். மாற்றவே கூடாது என்றும் சொன்னார்கள். விளையாடும்போது மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு ஆடினார்கள். பத்து, பதினோரு வயதானதும் பதில் மாறிவிட்டது. நாம் பேசி வைத்துக்கொண்டதுதான் விதி, எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். அந்தப் பெரிய பிள்ளைகள்தான் விதிப்படி ஒழுங்காக ஆடினார்கள். விதி மேலே இருந்து வந்தது என்று நினைத்தவரை அதை மீறினார்கள். தங்களுடையது என்று உணர்ந்த பிறகு காத்தார்கள். நம் தெருக்களிலும் இதைப் பார்க்கலாம். கிரிக்கெட் ஆடும் பையன்கள் சுவருக்கு அப்பால் அடித்தால் அவுட் என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள், குட்டித் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், அழுகுணி ஆட்டம் ஆடுபவனை அவர்களே வெளியே அனுப்புகிறார்கள். நடுவர் யாரும் இல்லை. இவ்வளவு திறமையோடு வரும் பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்து, சுவரில் ஒட்டிய பத்துக் கட்டளைகளைப் படிக்கச் சொல்கிறோம்.

சேலம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வேறு மாதிரி நடப்பதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்காருகிறார்கள். அந்த வாரம் யாருக்கு என்ன குறை என்பதுதான் பேச்சு. நான் போனபோது ஒரு சிறுமி எழுந்து, “மணி அடிச்சதும் பசங்க ஓடிப்போய்ப் பந்தை எடுத்துடறாங்க டீச்சர். நாங்க தட்டு கழுவிட்டு வர்றதுக்குள்ள பாதி ஆட்டம் முடிஞ்சிடுது” என்றாள். ஒரு பையன், “நீங்களும் சீக்கிரம் கழுவிட்டு வாங்க” என்றான். இன்னொரு சிறுமி உட்கார்ந்தபடியே சொன்னாள்: “உங்க தட்டையும் நாங்கதானே கழுவறோம்?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பந்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு, யாரும் திட்டமிடாமலே, யார் வீட்டிலும் கேட்கப்படாத ஒரு கேள்வியில் வந்து நின்றது. ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. “சரி, என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேட்டார். அவரவர் தட்டை அவரவர் கழுவுவது, கடைசித் தட்டு கழுவி வைத்த பிறகுதான் பந்து வெளியே வருவது என்று ஒரு பையனே யோசனை சொன்னான். அப்படியானால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எப்போது கழுவி முடிப்பார்கள் என்று இன்னொருவன் மறுத்தான். சின்னப் பிள்ளைகளின் தட்டைப் பெரிய வகுப்புப் பையன்கள் முறை வைத்துக் கழுவலாம் என்று முடிவானது. கை தூக்கினார்கள். மூன்று பேர் எதிராகத் தூக்கினார்கள். அதையும் கரும்பலகையில் எழுதினார் ஆசிரியை. ஒரு வாரம் நடத்திப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று கலைந்தார்கள். குறை சொல்வது, மறுப்பது, மாற்று சொல்வது, தோற்றாலும் முடிவுக்குக் கட்டுப்படுவது, முடிவைத் திரும்பிப் பார்ப்பது என்று ஒரு சட்டமன்றம் செய்ய வேண்டிய எல்லாமே அரை மணி நேரத்தில் நடந்து முடிந்தது. பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. அந்த ஆசிரியை ஒதுக்கிய இடம் அது.

பள்ளியில் சுத்தம் செய்யும் வேலையையும் இங்கே பேசியாக வேண்டும். ஜப்பானில் பிள்ளைகளே பள்ளியைச் சுத்தம் செய்கிறார்கள் என்று மேடைதோறும் சொல்கிறோம். அங்கே சொல்வதற்கும் இங்கே சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. நம் ஊரில் துடைப்பத்துக்குச் சாதி இருக்கிறது. பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவச் சொன்ன பள்ளிகளைப் பற்றிய செய்திகள் இன்றும் வருகின்றன. அதனால், பிள்ளைகளை வேலை வாங்கவே கூடாது என்று பயந்து ஒதுங்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கழிப்பறைக்குக் கட்டாயம் ஊதியம் பெறும் பணியாளர் வேண்டும். அதில் சமரசம் கிடையாது. வகுப்பறையைக் கூட்டுவது, கரும்பலகையைத் துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றவற்றை வருகைப் பதிவேட்டின் அகர வரிசைப்படி, ஆண், பெண், சாதி, மதிப்பெண் எதுவும் பார்க்காமல் எல்லோரும் முறை வைத்துச் செய்ய வேண்டும். முதல் மதிப்பெண் வாங்கும் பையனும் துடைப்பத்தைக் கையில் எடுக்கிறான் என்பதை வகுப்பே பார்க்க வேண்டும். ஆசிரியரும் ஒரு நாள் எடுத்தால் இன்னும் நல்லது.

12 வயதுக்கு மேல்தான் மிகக் கடினமான கட்டம். நாம் அதிகம் கைவிடுவதும் இந்த வயதில்தான். இதுவரை ஒன்றாக விளையாடிய பிள்ளைகள் கையில் வண்ணக் கயிறுகள் ஏறுகின்றன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சாதித் தலைவர் படமும் மிரட்டல் பாட்டும் வருகின்றன. கயிறு கட்டக் கூடாது என்று பள்ளிக்கல்வித் துறை 2019-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, கயிறு முதலிய சாதி அடையாளங்களைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்குவது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைப்பது என்று பல பரிந்துரைகளைச் சொல்கிறது. அனைத்தும் செய்ய வேண்டியவை. ஆனால், கயிற்றை அறுத்துவிட்டால் மட்டும் போதாது. அந்தக் கயிறு அவனுக்கு ஒரு கூட்டத்தையும், ஒரு மரியாதையையும், நான் யார் என்ற கேள்விக்கு ஒரு பதிலையும் கொடுத்திருக்கிறது. பள்ளி அந்தப் பையனுக்கு அதற்கு ஈடாக எதைக் கொடுத்தது? பத்தாம் வகுப்பு வரை அவன் ஒரு முடிவைக்கூட எடுத்ததில்லை. வகுப்புத் தலைவன் ஆசிரியர் நியமித்தவன். அவன் வேலை பேசுபவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது.

2024-இல் அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்ற பெயரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து மாணவர் குழுக்கள் அமைக்கப்பட்டது எனக்கு நம்பிக்கை தருகிறது. சாதிக்கு வெளியே ஒரு கூட்டத்தைப் பிள்ளைக்குத் தரும் ஏற்பாடு அது. அதன் தலைவர்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கிறார்களா, கூடிப் பேச அவர்களுக்கு நேரம் இருக்கிறதா, பேசியதில் ஒன்றாவது நடக்கிறதா என்பதைப் பொறுத்தே அது வெறும் விளையாட்டு விழாவுக்கான அணிப் பிரிவாக நின்றுவிடுமா, மேலே போகுமா என்று தெரியும். பள்ளிகளில் வைக்கப்பட்ட ‘மாணவர் மனசு’ பெட்டிக்கும் இதே கேள்விதான். பெட்டியில் போட்ட கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், அரசிடம் சொல்லிப் பயனில்லை என்பதைப் பிள்ளை 13 வயதிலேயே கற்றுவிடும்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் நம் வேடத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே.நகரிலும், 2019-இல் வேலூரிலும் பணம் விளையாடியதால் தேர்தலையே நிறுத்தினார்கள். இவ்வளவு தூரம் தேர்தல் ஆணையத்தை ஓட வைத்த அந்தப் பணம் வந்து சேர்ந்தது வீடுகளுக்கு. அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கவரை அம்மா வாங்கி அரிசிப் பானைக்குள் வைப்பதைப் பார்த்த பிள்ளை, மறுநாள் குடிமையியல் புத்தகத்தில் வாக்கின் மதிப்பைப் படிக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் பைக் சாவியைக் கொடுத்து, பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று அனுப்பும் அப்பாக்களும் நிறைய. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அபராதத்தைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது, சட்டம் மாட்டிக்கொள்பவர்களுக்கு மட்டும்தான் என்ற பாடத்தைச் சாவியோடு சேர்த்து அப்பா கொடுத்துவிடுகிறார் என்பது.

இதே வயதில் பிள்ளைகளை ஊர் நிர்வாகத்தின் பக்கத்தில் அழைத்துப்போவது எவ்வளவு எளிது! ஜனவரி 26-ஆம் தேதியும் ஆகஸ்ட் 15-ஆம் தேதியும் காலையில் பிள்ளைகள் சீருடையில் பள்ளிக்குப் போகிறார்கள். கொடியேற்றம், பேச்சுப் போட்டி, மிட்டாய், வீடு. அதே நாளில் 11 மணிவாக்கில் அதே ஊரில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படுகிறது. எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய், எந்தத் தெருவுக்கு விளக்கு என்று பேசுகிறார்கள். மே 1, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் அதன் உறுப்பினர்கள், உண்மை. ஓரமாக உட்கார்ந்து கேட்கப் பிள்ளைகளுக்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் தன் மாணவர்களை அழைத்துப்போய், வாசிக்கப்படும் கணக்கில் ஒரு தெருவிளக்குச் செலவைக் குறித்துக்கொள்ளச் சொல்லி, அந்த விளக்கு எரிகிறதா என்று மறுநாள் பார்த்துவரச் சொன்னால் போதும். உள்ளாட்சி பற்றிய பாடம் முழுவதும் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

நம் பக்கத்து மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. கர்நாடகத்தில் 2006 முதல் ஊராட்சிகள் குழந்தைகளுக்கென்றே தனி கிராம சபையை நடத்துகின்றன. பிள்ளைகள் மைக்கைப் பிடித்து, பள்ளிக்குப் போகும் வழியில் விளக்கில்லை, கழிப்பறையில் தண்ணீரில்லை, பேருந்து நிற்பதில்லை என்று தலைவரிடமும் அதிகாரிகளிடமும் நேருக்கு நேர் கேட்கிறார்கள். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கடமைக்கு நடத்தும் ஊராட்சிகளும் இருக்கவே செய்யும். ஆனாலும், தங்களைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை சொல்லி, இந்தியா அதை 1992-இல் ஏற்ற பிறகு, அந்த உரிமைக்கு ஓர் இடமும் ஒரு நாளும் குறித்துக் கொடுத்த மாநிலம் என்ற மதிப்பு கர்நாடகத்துக்கு உண்டு.

16, 17 வயதுக்காரர்களிடம் இன்னும் கூடுதலாகவே எதிர்பார்க்கலாம். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கிய 61-வது திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது 17 வயது நிரம்பியவர்கள் முன்கூட்டியே பெயர் சேர்க்க விண்ணப்பிக்கலாம். பள்ளிகளில் தேர்தல் எழுத்தறிவு மன்றங்களும் 2018 முதல் இருக்கின்றன. பல இடங்களில் அவை தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25-ஆம் தேதி ஓர் உறுதிமொழியோடு முடிந்துவிடுகின்றன. பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி தன் தெருவின் வாக்காளர் பட்டியலை எடுத்து, இறந்தவர்கள் பெயர் இருக்கிறதா, புதிதாகக் குடிவந்தவர்கள் விட்டுப்போயிருக்கிறார்களா என்று வீடு வீடாகச் சரிபார்த்தால், அது ஆயிரம் உறுதிமொழிகளுக்குச் சமம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதிப் பார்க்கச் சொல்லலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்ற விதியையும், பதில் வராவிட்டால் மேல்முறையீடு எங்கே என்பதையும் தேர்வுக்காகப் படிப்பதற்கும், தன் பள்ளிச் சாலையைப் பற்றித் தானே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டுக் காத்திருப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

இப்படிப் பேசினால், பிள்ளைகள் அரசியல் பேசிக் கெட்டுப்போவார்கள், படிப்பு பாழாகும் என்பார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். சாதிக் கட்சிக்காரரும் மதவாதியும் பள்ளி வாசலில் காத்திருக்கும் காலம் இது. அவர்கள் காத்திருப்பதால்தான் பள்ளி முந்திக்கொள்ள வேண்டும் என்கிறேன். தட்டு கழுவும் தகராறைத் தானே பேசித் தீர்த்த பிள்ளையை எளிதில் ஒரு கூட்டத்தின் ஆளாக மாற்றிவிட முடியாது. படிப்பைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஒரு பீரியட் போனால் எந்தப் பொதுத்தேர்வு முடிவும் சரிந்துவிடாது.

பள்ளிக்கல்வித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. நவம்பர் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, ஒவ்வோர் ஊராட்சியிலும் குழந்தைகள் கிராம சபை நடத்த வேண்டும். நகரங்களில் அதை வார்டு அளவில் நடத்தலாம். தலைவரும், ஊராட்சிச் செயலரும், தலைமை ஆசிரியரும், கிராம சுகாதாரச் செவிலியரும் கட்டாயம் வர வேண்டும். பெண் குழந்தைகளும், காலனித் தெருப் பிள்ளைகளும், பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைகளும் பேசியது தனியாகப் பதிவாக வேண்டும். எழுப்பப்பட்ட ஒவ்வொரு குறைக்கும், முடியும் என்றால் எப்போது, முடியாது என்றால் ஏன் என்று எழுத்து மூலமான பதிலை அடுத்த ஜனவரி 26 கிராம சபையில், கேட்ட பிள்ளையையே கூப்பிட்டு வாசிக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, தனி நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். இந்த ஆண்டே பிறப்பிக்கலாம்.